கடலை ஒன்பது ஆண்டு விலக்கி வைத்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கிளை நூலகர் இந்துமதி அம்மையார் அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் சான்றோர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த இசக்கிசெல்வி அம்மையாரின் கணவர் செந்தில்முருகன் அண்ணாச்சி அவர்களே, மகள் சண்முகப்ரியா அவர்களே, உடன்குடியிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, இன்று கடலுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தருவைகுளத்துப் பெருமக்களே, கப்பல் ஏஜென்சி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் வாசலில் நிற்கும் வாசகர்களே, உங்கள் அத்தனை பேரையும் வணங்குகிறேன்.

என் பெயர் பாண்டித்துரை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாவலாசிரியர் இசக்கிசெல்வி அம்மையாரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒரே ஒரு தகுதிதான். அவருடைய முதல் புத்தகம் தப்பு என்று நான்கு பக்கம் கடிதம் எழுதியவன் நான். அந்தக் கடிதம் எனக்குப் பதினான்கு ஆண்டு நட்பைக் கொடுத்தது. பேச்சின் நடுவே எனக்குச் சிரிப்பு வந்தால் நீங்கள் தவறாக நினைக்க வேண்டாம். அவரோடு கூடிய எந்தச் சனிக்கிழமையும் சிரிக்காமல் கலைந்ததில்லை.

அம்மையார் யார்? உடன்குடியில் கருப்பட்டி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பி.காம். படித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் இந்தத் துறைமுக ஊரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தவர். முப்பத்தொரு ஆண்டு, வருகிற கப்பலுக்கும் போகிற கப்பலுக்கும் சரக்குப் பத்திரம் தயாரித்தவர். அந்த மேசையில் உட்கார்ந்தபடி, மதியச் சாப்பாட்டு இடைவேளையில், தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு நாட்டை உண்டாக்கியவர். கடல் ஏறி இறங்குவதைச் சொல்லும் ஓதம் என்ற சொல்லை வைத்து அந்த நாட்டுக்கு ஓதநாடு என்று பெயர் வைத்தார். ஐந்து பாகம். ஏறக்குறைய இரண்டாயிரம் பக்கம்.

ஓதநாட்டின் அடிப்படை ஒரு வரிதான். அங்கே கடல் ஒன்பது ஆண்டு கரையில் இருக்கும், ஒன்பது ஆண்டு விலகிப் போய்விடும். விலகிய இடத்தில் ஜனங்கள் இறங்கி வீடு கட்டுவார்கள், விதைப்பார்கள், கல்யாணம் செய்வார்கள். பத்தாவது வருடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். இவ்வளவுதான். இதில் வாளும் மந்திரவாதியும் எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. "ரெண்டு பேரும் பின்னால வாராங்க, பொறுமையா வாசிங்க" என்று சொல்லிவிடுவார். மந்திரவாதி மூன்றாம் பாகத்தில் வந்தார். வந்த வேகத்தில் வயிற்றுப்போக்கில் இறந்தும் போனார்.

ஒரு கற்பனை நாட்டை எப்படி உண்டாக்குவது என்று நான் ஒருமுறை அவரிடம் கேட்டேன். "மொதல்ல ராசாவ உண்டாக்கக் கூடாது சார். அந்த ஊருக்குக் கப்பல்ல என்ன வருது, என்ன போகுதுன்னு ரெண்டு பட்டியல் எழுதணும். அதை எழுதிட்டா ராசா எப்படிப்பட்டவன்னு தானாத் தெரிஞ்சிரும்" என்றார். மன்னர்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக வேறு யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பதினொன்றில் முதல் பாகம் வெளிவந்தது. வாசித்தேன். கடல் ஒன்பது வருடம் விலகுகிறது. சரி. ஆனால் அதே கதையில் தினமும் மாலையில் நிலா உதிக்கிறது, காலையில் மறைகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. கடலை இழுப்பது நிலா. நிலா தினமும் வந்து போனால் கடலும் தினமும் ஏறி இறங்கும். ஒன்பது வருடம் எப்படி விலகி நிற்கும்? நிலாவை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடலை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்று எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன்.

நான்காம் நாள் ஒரு அஞ்சலட்டை வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: "நீங்கள் சொல்வது சரி. சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் பாத்திரக்கடை மாடிக்கு வாருங்கள். எப்படி இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வாருங்கள்."

தப்பு என்று சொன்னவனிடமே வேலையை ஒப்படைக்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடையும் கிடைத்தது. அந்த உலகம் தன்னைத்தானே சுற்றும் வேகமும், நிலா அதைச் சுற்றி வரும் வேகமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நிலா வானத்தில் நிற்பதுபோலவே தெரியும். மெல்ல மெல்ல நகர்ந்து, ஒரு சுற்று முடிக்க முப்பத்தாறு ஆண்டு எடுக்கும். நிலா தலைக்கு மேல் வரும்போது கடல் ஏறும். காலுக்கு நேர் கீழே, உலகத்தின் மறுபக்கம் போகும்போதும் ஏறும். இடைப்பட்ட காலத்தில் விலகும். ஒன்பது வருடக் கணக்கு கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

செந்தில்முருகன் அண்ணாச்சியின் பாத்திரக்கடை மாடியில், அடுக்கி வைத்த குத்துவிளக்குப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பெருமையோடு தாளை நீட்டினேன். அம்மையார் நிதானமாகப் பார்த்தார்.

"அப்போ பதினெட்டு வருசம் நிலா வானத்துல இருக்கும், பதினெட்டு வருசம் இருக்காது. அப்படித்தான சார்?"

"ஆமாம்மா."

"அப்போ நிலா மறையுத அன்னைக்குப் பொறந்த பிள்ளை, வளந்து பெரிய மனுசியாகுத வரைக்கும் நிலாவையே பாத்திருக்காது."

ஒரு வாரமாக அந்தப் பதினெட்டு என்ற எண் என் தாளில் இருந்தது. அந்தப் பிள்ளை என் கண்ணில் படவில்லை. அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். விற்காமல் இருந்த பிரதிகளைப் பதிப்பாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு உட்கார்ந்து முதல் பாகத்தை முழுவதும் மறுபடி எழுதினார். நிலாவைப் பார்க்காமல் வளர்ந்த ஒரு பெண்ணை அதற்குக் கதாநாயகி ஆக்கினார். ஓதநாட்டை வாசித்த எல்லோருக்கும் அவளைத் தெரியும்.

நான் அதோடு விடவில்லை. "அம்மா, இப்படிப்பட்ட நிலா சில கோடி வருசத்துல ஒரே இடத்துல பூட்டிக்கிட்டு நின்னுரும்" என்று ஆட்சேபித்தேன். "அதுக்குள்ள அஞ்சு பாகமும் முடிஞ்சிரும் சார்" என்றார்.

அன்று தொடங்கியதுதான் சனிக்கிழமைக் கூட்டம். நான்கு மணிக்கு ஆரம்பம். கீழே அண்ணாச்சி குடம் தட்டிக் காட்டும் சத்தம் கேட்கும். மேலே நாங்கள் ஓதநாட்டின் பணவீக்கத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அங்கே முத்துதான் நாணயம். கடல் விலகிய முதல் வருடம், சிப்பிப் படுகை எல்லாம் தரையில் கிடக்கும். குழந்தைகள்கூட முத்துப் பொறுக்கும். எல்லோர் கையிலும் முத்து இருந்தால் என்ன ஆகும்? ஒரு படி அரிசிக்கு ஒரு கூடை முத்து கேட்பார்கள். எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு வங்கி அதிகாரி, பணம் பெருகியதுதான் விலைவாசிக்குக் காரணம் என்பார். அம்மையார் விடமாட்டார். "மொத வருசம் வயல் உப்புப் பூத்துக் கெடக்கு, நெல்லே வெளையல. முத்து ஒண்ணுகூட கூடாம இருந்தாலும் அரிசி வெலை ஏறத்தான் செய்யும்" என்பார். நாட்டில் பெரிய பெரிய நிபுணர்கள் தொலைக்காட்சியில் அடித்துக்கொள்ளும் அதே விவாதம். இங்கே கேழ்வரகு முறுக்கோடு நடந்தது.

ஒரு நாள் அண்ணாச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என்னிடம் குறைப்பட்டார். "இத்தனை ஊரு கட்டியிருக்கா சார். ஒரு பாத்திரக்கடை இருக்கா பாருங்க." அடுத்த பாகத்தில், கடல் வரப்போகிறது என்று ஊரே மேட்டுக்கு ஓடும்போது, கடைசிவரை இருந்து வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர்க் குடம் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பும் ஒரு பாத்திரக்கடைக்காரர் வந்தார். அந்தப் பக்கத்தை அண்ணாச்சி எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பார் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது நான்காம் பாகத்துக்குப் பிறகு நடந்தது. ஓர் எழுத்தாளரின் பெருமை எதில் இருக்கிறது? எழுதியதில் இருக்கிறது என்பார்கள். எழுதியதைத் தூக்கிப் போட்டதிலும் இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

நான்காம் பாகத்தில் ஒரு காடு வருகிறது. கடல் விலகிய தரையில் வேகமாக வளரும் காடு. மேட்டு நகரத்தில் எண்ணெய் எரித்து எரித்து வானமெல்லாம் புகை. அந்தப் புகையைக் காடு உறிஞ்சிக்கொள்கிறது. நகரத்து வணிகர்கள் காட்டு ஜனங்களிடம் வந்து, மரத்தை வெட்டாதீர்கள், அதற்குப் பதிலாக இந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அதற்கு மூச்சுச் சீட்டு என்று பெயர். ஜனங்கள் வாங்கிக்கொள்கிறார்கள். கடல் திரும்ப வருகிறது. காடு மூழ்குகிறது. மரம் போய்விட்டதே, வாக்கு என்ன ஆயிற்று என்று வணிகர்கள் கேட்கிறார்கள். அந்த ஜனங்கள் இருந்த கொஞ்ச மேட்டு நிலத்தையும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். கனமான கதை. அம்மையார் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவருக்கும் அந்த எண்ணம் இருந்தது.

அது வெளிவந்து ஒன்றரை ஆண்டு இருக்கும். ஒரு சனிக்கிழமை, கையில் பாலிதீன் பையோடு ஒரு அம்மா மாடிப்படி ஏறி வந்தார். அவர்தான் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் ஞானதீபம் அவர்கள். தருவைகுளத்தில் கருவாடு போடும் பெண்கள் குழுவின் தலைவி. நம் இந்துமதி அம்மையார் நூலகத்தில் கொடுத்த நான்காம் பாகத்தை வாசித்துவிட்டு வந்திருந்தார்.

"இங்கனதான் கடல் இல்லாத ஊரைப் பத்திப் பேசுதாங்களா?"

"ஆமா, வாங்க, உக்காருங்க" என்றார் அம்மையார்.

"எங்க ஊர்ல கடல் இருக்குக்கா. அதுக்கு வெலை பேச ஒரு கம்பெனி வந்திருக்கு. இருபத்தாறு பக்கம் இங்கிலீசுல குடுத்திருக்கான். வாசிச்சுச் சொல்லணும்."

விஷயம் இதுதான். கரையோரம் ஆழம் குறைந்த இடத்தில் கடல்புல் வளர்கிறது. அந்தப் புல் காற்றில் உள்ள கரியை இழுத்துத் தன் வேருக்கடியில் சேற்றில் சேர்த்து வைக்கிறது. புல் இருக்கும் இடத்தில் முப்பது ஆண்டு வலை இழுக்க மாட்டோம் என்று ஊரார் கையெழுத்துப் போட வேண்டும். சேர்ந்த கரியைக் கணக்கிட்டு, எங்கோ புகை விடும் ஆலைகளுக்குக் கார்பன் கிரெடிட் என்று கம்பெனி விற்கும். அதில் ஊருக்கு ஒரு பங்கு.

அம்மையார் தாளை வாங்கி வாசித்தார். நாங்கள் மூன்று சனிக்கிழமை அதைப் பற்றியே பேசினோம். நான் என் அறிவியலைச் சொன்னேன்: மூன்று இடத்தில் சேற்றை எடுத்து அளந்தால் மூன்று விடை வரும், அதில் எவ்வளவு புல் சேர்த்தது, எவ்வளவு ஆற்றுத் தண்ணீரில் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். வங்கி அதிகாரி தன் பொருளாதாரத்தைச் சொன்னார்: விலையே இல்லாத பொருளைத்தான் ஜனங்கள் முதலில் அழிப்பார்கள், தோராயமாகவாவது ஒரு விலை இருப்பது நல்லது. அம்மையார் சொன்னார்: இது புகை விடுகிறவனுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு, வேறொன்றும் இல்லை.

பத்தொன்பதாம் பிரிவைக் கண்டுபிடித்ததும் அவர்தான். புயலில் புல் அழிந்துபோனால், அழிந்த பரப்புக்கு ஈடாக ஊரார் வேறொரு இடத்தில் மீன்பிடிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. புயல் வரும், புல்லும் போகும், அதோடு மீன் பிடிக்கும் இடமும் போகும். "எப்படிம்மா இதைப் பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "கப்பல்காரன் தன் பொறுப்பை எந்த மூலைல கழட்டி விடுவான்னு முப்பத்தோரு வருசம் பாத்தவ சார் நான்" என்றார்.

தருவைகுளத்து மீன் ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மதியம் மூன்று மணி. ஆணும் பெண்ணுமாக இருநூறு பேர். அம்மையார் எழுந்து நாற்பது நிமிடம் பேசினார். மூச்சுச் சீட்டின் கதையை முழுவதும் சொன்னார். காடு மூழ்கியதைச் சொன்னார். அந்த ஜனங்கள் நிலம் இழந்து நின்றதைச் சொன்னார். பத்தொன்பதாம் பிரிவை வாசித்துக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று முடித்தார். நல்ல கைதட்டல். பக்கத்தில் இருந்த எனக்கே பெருமையாக இருந்தது.

அப்போது ஞானதீபம் எழுந்தார்.

"எக்கா, ஒங்க கதையை நான் ரெண்டு தடவை வாசிச்சேன். ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடப்படாது."

"கேளுங்க."

"அதுல சீட்டு குடுத்தவன் பேசுதான். ராசா பேசுதான். மந்திரி பத்துப் பக்கம் பேசுதான். அந்தக் காட்டு ஜனங்க ஒரு தடவைகூட கூடி உக்காந்து பேசலியே. குடுத்ததை வாங்குதாங்க, பெறகு அழுதாங்க. நாங்க பேசுவோம்லா. அந்தப் பத்தொம்பதை எடுன்னு சொல்லுவோம். முப்பது வருசம் முடியாதுன்னு சொல்லுவோம். அவன் மாட்டேன்னு சொன்னா, அப்பம் போகச் சொல்லுவோம். அதுக்கு முன்னாலயே ஏன் போகச் சொல்லணும்? புல்லு இருந்தாத்தான எங்களுக்கும் மீனு?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அம்மையார் சிரிக்கவில்லை. "நீங்க சொல்லுததுதான் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் என் முன்னிருக்கையில் இருந்தார். ஊர் எல்லை வந்ததும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நானூறு பக்கம் எழுதியிருக்கேன் சார். அந்த ஜனங்கள்ல ஒருத்தருக்குக்கூட நான் பேரு வைக்கல."

நண்பர்களே, அன்று அவர் முகத்தில் இருந்தது அவமானம் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், என் கணக்குத் தாளை அவர் வாசித்தபோது. அது வேலை கிடைத்துவிட்ட முகம்.

அடுத்த மூன்று மாதமும் அவர் தருவைகுளம் போனார். கம்பெனி ஆட்கள் வரும்போதெல்லாம் போனார். "நான் வாசிச்சுச் சொல்ல மட்டும் வாரேன். முடிவு உங்களோடது" என்று சொல்லிவிட்டார். இவ்வளவு அபிப்பிராயம் உள்ள ஒரு மனுஷி அபிப்பிராயம் சொல்லாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியே வந்து, என்னிடம் பத்து நிமிடம் கொட்டிவிட்டு, மறுபடி உள்ளே போய் அமைதியாக உட்கார்ந்தார்.

முப்பது ஆண்டு ஏழு ஆண்டானது. பத்தொன்பதாம் பிரிவு போனது. சேற்றை அளக்கும்போது ஊரைச் சேர்ந்த சங்கு குளிப்பவர்கள் இருவர் கூட இறங்கிப் பார்க்க வேண்டும் என்று புதிதாக ஒரு பிரிவு வந்தது. எந்த ஆலைக்கு விற்கிறீர்கள் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டதற்கு மட்டும் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் கையெழுத்துப் போட்டது. இது நல்லதாக முடியுமா? எனக்குத் தெரியாது. அம்மையாருக்கும் தெரியாது. சாகும்வரை இது அனுமதிச் சீட்டுதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் யார் பேசி முடித்தார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்போது ஐந்தாம் பாகம் முக்கால்வாசி முடிந்திருந்தது. காட்டு ஜனங்கள் சிதறிப் போவதோடு முடிகிற மாதிரி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே எடுத்து ஓரமாக வைத்தார். புதிதாக ஒரே அத்தியாயம் எழுதினார். தொண்ணூறு பக்கம். அந்தத் தொண்ணூறு பக்கத்திலும் காட்டு ஜனங்கள் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. ஒருத்தி நடுவில் எழுந்து, அடுப்பில் கஞ்சி வைத்திருக்கிறேன் என்று போய்விட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே சண்டையைத் தொடர்கிறாள். ஒருவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார், கடைசியில் மட்டும் மாட்டேன் என்கிறார். பதிப்பாளர் போனில் கூப்பிட்டுக் கெஞ்சினார். வாசகர்கள் போர் எதிர்பார்க்கிறார்கள் என்றார். அம்மையார் அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "போர் எழுதுதது லேசு. ஒரு கூட்டத்தை எழுதிப் பாருங்க, தெரியும்."

அதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. எட்டு மாதம் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். நான் வாரம் ஒருமுறை போவேன். முதலில் உடம்பைப் பற்றிக் கேட்பேன். "அதை டாக்டர் பாத்துக்கிடுவார். ஏழாவது பத்தியை வாசிங்க" என்பார்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில், அண்ணாச்சியும் கூட இருந்தபோது, மகள் சண்முகப்ரியா செல்போனில் ஒரு விளையாட்டுக் காட்டினார். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு முழு உலகத்தையே உண்டாக்கித் தரும் என்றார். கேட்டார்கள். இருநூறு அரசர்கள், நாற்பது மொழிகள், எல்லாம் வந்து கொட்டியது. அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "தலைநகரத்துல கக்கூஸ் எங்க இருக்குன்னு கேளு" என்றார். அதுவும் மரியாதையாகப் பதில் சொன்னது. ஊர்க் கிணற்றுக்கு மேற்புறம், மேட்டில் கட்டியிருப்பதாகச் சொன்னது. அசுத்தமெல்லாம் நேரே கிணற்றுக்குத்தான் இறங்கும் என்று நான் கேலியாகச் சிரித்தேன். அம்மையார் கொஞ்சம் யோசித்தார். "சிரிக்காதீங்க சார். நம்ம ஆளுங்களும் அங்கனதான் கட்டுவாங்க. அது நம்மகிட்டதான படிச்சிருக்கு" என்றார். நர்ஸ் வந்து சத்தம் போடும்வரை நான்கு பேரும் சிரித்தோம்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியை எழுதி முடித்தார். கை நடுங்கியதால் கடைசி இருபது பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல அண்ணாச்சி எழுதினார். அண்ணாச்சியின் கையெழுத்து எப்படி என்று கடையில் பில் வாங்கியவர்களுக்குத் தெரியும். அச்சுக்கோப்பவர் என்னைத்தான் திட்டினார்.

அந்தத் தொண்ணூறு பக்க அத்தியாயம் அச்சாகுமுன்பே ஒரு இடத்தில் வாசிக்கப்பட்டது. தருவைகுளத்து ஏலக்கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த பிறகு, பெண்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு வாசித்தார்கள். அம்மையாரால் போக முடியவில்லை. போனை மேசையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில், "இந்த எடத்துல இவ இப்படிப் பேச மாட்டாக்கா" என்று ஒரு குரல் வந்தது. "நீங்க எப்படிப் பேசுவியளோ அப்படிப் பேசுங்க, நான் மாத்திக்கிடுதேன்" என்றார். மாற்றினார். அச்சில் இருப்பது அந்தப் பெண் சொன்ன வரிதான்.

நண்பர்களே, ஓர் எழுத்தாளர் போய்விட்டால் அவர் விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடர யாராலும் முடியாது. நாங்கள் அதற்கு முயலப்போவதில்லை. ஓதநாடு முடிந்துவிட்டது. அதற்காக அவர் எழுதி வைத்த பதினேழு குறிப்பேடுகளை, அவர் அடித்துத் திருத்தியதையும் சேர்த்து, அப்படியே புத்தகமாக வெளியிடுவது என்று சனிக்கிழமைக் கூட்டம் முடிவு செய்திருக்கிறது. என்னோடு போட்ட சண்டையெல்லாம் அதில் இருக்கிறது. பெரும்பாலும் அவர்தான் ஜெயித்திருக்கிறார். ஒரு வரியையும் நான் நீக்க மாட்டேன் என்று இந்த மேடையில் உறுதி சொல்கிறேன்.

இன்னொரு வேலை இருக்கிறது. அதுதான் பெரியது. இன்னும் ஐந்து ஆண்டில் அந்த ஒப்பந்தம் முடிகிறது. கம்பெனி மறுபடியும் வரும். புதுத் தாள் கொண்டு வரும். அதில் எந்த மூலையில் எது ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க இசக்கிசெல்வி அம்மையார் இருக்க மாட்டார். அப்போது யார் வாசிப்பது? இதே கரையில் இருக்கும் வேம்பாருக்கும் அதே கம்பெனி போயிருக்கிறதாகச் சொல்கிறார்கள். அங்கே யார் வாசிப்பது?

எனக்கு அறுபத்தொன்பது வயது ஆகிறது. இயற்பியல் தவிர வேறொன்றும் சரியாகத் தெரியாது. ஞானதீபம் அம்மையார் அந்த மூன்று மாதமும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் பொருள் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். இருபத்தாறு பக்கமும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லிக்கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சி மாடியைக் காலி செய்ய மாட்டேன் என்று நேற்றே சொல்லிவிட்டார். வேம்பாரிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். கல்லூரியிலிருந்து சிலர் வருகிறார்கள். நீங்களும் வரலாம். வாரத்துக்கு இரண்டு பக்கம். ஒரு ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது, எப்போது மாட்டேன் என்று சொல்வது. அம்மையாருக்கு நாங்கள் செலுத்தும் அஞ்சலி இதுதான்.

இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தொடங்குகிறோம். நான் நேற்றே அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே மாட்டிக்கொண்டேன். ஞானதீபம் அம்மையாருக்குப் போன் போட்டேன். "மொத நாளே லேட்டா வராம இருங்க சார், சொல்லித் தாரேன்" என்றார்.

நான் மூன்றரைக்கே வந்துவிடுவேன். வணக்கம்.